மடியில் வளரும் பிள்ளைகள்: சேர்வராயன் மலை வழக்கும் ஷரீஅத் சட்டமும்

சேலத்திற்கு அருகே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே திருமணம் இருவகைப்பட்டதாகக் கருதப்பட்டது. கன்னிப் பெண்ணை மணப்பது பெரிய திருமணம். கைம்பெண்ணை மணப்பது சிறிய திருமணம். 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் பெருநூலில் எட்கர் தர்ஸ்டன் இதனைப் பதிவு செய்துள்ளார். பெரிதாயினும் சிறிதாயினும் மணமகன் வீட்டார் பெண்ணின் ஊர்க்கவுண்டரிடம் சென்று இசைவு பெற்றாக வேண்டும் என்பதும் அப்பதிவில் காணப்படும் செய்தியாகும்.

மலையாளி என்றவுடன் கேரளத்தாரை எண்ணிவிடலாகாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர். மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றனர் என்பது அவர்தம் மரபுக்கதை. காஞ்சியில் முஸ்லிம் ஆட்சி ஓங்கிய காலத்தில் இக்குடிபெயர்வு நிகழ்ந்தது என்றும் அக்கதை கூறும். (அரசு மாறும்போதெல்லாம் எளிய மக்கள் மலையேறுவது உலகெங்கும் கண்ட உண்மை, கதையின் அப்பகுதியைப் படித்து நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.) சேர்வராயன் மலை சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பகுக்கப்பட்டுத் தலைக்கட்டுகளின் ஆளுகையில் இருந்து வந்தது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த பின்னர் ஆங்கிலத் தோட்ட முதலாளிகள் ஏறினர். அவர்களைத் தொடர்ந்து கிறித்தவப் பாதிரிமார்களும், சமவெளி வேளாளரும், கடை வைக்க வந்த முஸ்லிம்களும் ஏறினர். ஏற்காடு என்னும் சிற்றூர் இவ்வாறு பல சட்டங்கள் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் இடமாயிற்று.

கைம்பெண்ணோ மணவிலக்குப் பெற்றவளோ மறுமணம் செய்துகொள்ளும்போது, அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளை யாருடையது? அதற்குச் சோறிடுபவர் யார்? வளர்த்தவர் இறந்தால் அதற்கு ஏதும் கிடைக்குமா? இவ்வினாக்களைச் சேர்வராயன் மலையின் அண்டை வீடுகளில் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் நம் ஜமாஅத்துகளில் இளம் கைம்பெண்களின் மறுமணம் தடைப்படுவதற்கு இன்றும் சொல்லப்படும் முதற்காரணம் பிள்ளைதான். "பிள்ளையை விட்டுவிட்டு வந்தால் சம்மதம்" என்னும் சொல்லைக் கேளாத ஜமாஅத் நிர்வாகி இருக்க முடியாது.

முதலில் மலைமக்களிடம் கேட்போம். கொல்லிமலையில் மனைவி கணவனை நீங்கித் தன் குலத்தைச் சேர்ந்த வேறொருவனுடன் வாழலாம், ஆயினும் அவ்வுறவில் பிறந்த பிள்ளைகள் மீது உரிமை முதற்கணவனுக்கே உண்டு, பெரும்பாலும் இறுதியில் அவர்கள் அவனிடமே சென்று சேர்கின்றனர் எனத் தர்ஸ்டனின் தொகுதி கூறுகிறது. வெளியாராகிய வெள்ளை அதிகாரிகள், தமக்கு வியப்பாகப்பட்டதை மட்டும் தேர்ந்து எழுதும் வழக்கமுடையவர்கள். நூறாண்டுக்கு முந்தைய அவ்வெழுத்தை வைத்து இன்றைய மலையாளிப் பெருமக்களை எடைபோடுவது அறமன்று. ஆனால் அவ்வழக்கின் உள்ளே ஓர் எண்ணம் இருக்கிறது. பிள்ளை உடலால் யாருக்குப் பிறந்தது என்பதைக் காட்டிலும், எந்த மணப்பந்தத்தின் கீழ்ப் பிறந்தது என்பதே அதன் இடத்தை முடிவு செய்கிறது. பிள்ளை தெருவில் நில்லாது. ஏதேனும் ஒரு வீடு அதற்கு உண்டு.

பிள்ளை மணப்படுக்கைக்கு உரியது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை நபிமொழி பயின்றோர் அறிவர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றெனத் தோன்றும். வேறுபாடு இத்தாவில் இருக்கிறது. ஷரீஅத்தில் முதல் மணம் மரணத்தாலோ தலாக்காலோ முடிந்து, இத்தா கழிந்து, அதன் பின்னரே அடுத்த நிகாஹ் நிகழும். ஆகவே முந்தைய மணத்தின் பிள்ளைக்கும் பிந்தைய மணத்தின் பிள்ளைக்கும் இடையே ஐயத்திற்கிடமில்லாத எல்லைக்கோடு விழுகிறது. முதற்கணவர் பிற்கணவரின் பிள்ளைக்கு உரிமை கொண்டாட வழியில்லை. பிற்கணவர் முதற்கணவரின் பிள்ளையைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளவும் வழியில்லை. இந்த இரண்டாவது விலக்குத்தான் நம்மவரிடையே மிகுதியாக மீறப்படுவது. அதற்குப் பின்னர் வருவோம்.

அடுத்து ஆங்கிலேயர் வீடு. தமிழ் அகராதியும் தமிழ்ப் பழமொழித் தொகுப்பும் தந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1882இல் ஏற்காட்டில்தான் மறைந்தார். அவருடைய மகளை மணந்தவர், இந்தியாவின் கற்கால ஆய்வுக்கு வித்திட்ட புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட். முதல் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தபின் ஃபூட் மறுமணம் செய்துகொண்டார். முதுமையில் ஏற்காட்டில் குடியமர்ந்து 1912இல் மறைந்த அவருடைய நினைவிடம் அங்குள்ள திருத்துவ ஆலயத்தில் இருக்கிறது. அக்கால ஆங்கிலக் குடும்பங்களில் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் அரியர் அல்லர் என்பதற்காகவே இதனைச் சுட்டினோம். அவர்களை ஆண்டது 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பின்னர் 1925ஆம் ஆண்டின் சட்டம். இவ்விரண்டும் உறவினர் என்பதற்கு ஒரே மூதாதையின் வழிவந்தோர் என்றே பொருள் கொண்டன. ஆகவே மனைவியின் முன்மணப் பிள்ளை, உயில் எழுதப்பட்டாலன்றி, எதுவும் பெறாது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்திலேயே 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம், பிள்ளையுள்ள பெண்ணை மணப்பவன் அப்பிள்ளைகளைப் பதினாறு வயதுவரை தன் குடும்பமாகவே கருதிக் காக்கக் கடமைப்பட்டவன் என விதித்தது. பிள்ளையின் மீதுள்ள அன்பினால் அன்று. அப்பிள்ளைகள் ஊர்ப்பொது நிதியைத் தின்றுவிடுமே என்ற கணக்கினால். எதனால் விளைந்ததாயினும் விதி நல்விதியே. ஆனால் ஏழையர் சட்டம் கப்பலேறி இந்தியாவிற்கு வரவில்லை. இங்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பராமரிப்புப் பிரிவு, 1898இல் 488ஆகவும் 1973இல் 125ஆகவும் இருந்து, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தில் 144ஆக நிற்கிறது. ஒருவனுடைய பிள்ளையைப் பற்றித்தான் இவையெல்லாம் பேசுகின்றன. அவன் மனைவியின் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டமும் இவ்வாறே. பெண்ணொருத்தியின் சொத்தில் மகனுக்குரிய பங்கு அவள் கணவனின் முன்மனைவி மகனுக்கு மகன் என்ற முறையில் சேராது என 1987இல் லச்மன் சிங் எதிர் கிர்ப்பா சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்த்தது. பட்டியல் பழங்குடியினராகிய மலையாளிகளுக்கோ அச்சட்டமே நேரடியாகப் பொருந்தாது. அதன் இரண்டாம் பிரிவு அவர்களை அவர்தம் வழக்காற்றுக்கே விட்டுவிடுகிறது. ஆக, மலையின் எந்த வீட்டைத் தட்டினாலும் வாரிசுரிமை பற்றிய விடை ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது.

ஷரீஅத்தின் விடையும் இவ்விடத்தில் வேறன்று. மாற்றாந்தந்தையின் சொத்தில் பிள்ளைக்குப் பங்கில்லை. பிள்ளையின் சொத்தில் மாற்றாந்தந்தைக்கும் பங்கில்லை. மாற்றாந்தாய்க்கும் இதுவே. நஃபகா எனப்படும் வாழ்க்கைச் செலவும் தந்தையின் கடமை. அவர் இல்லாவிடில் பாட்டனார் முதலான இரத்த உறவினரின் கடமை. இதனை மட்டும் கேட்டு, இஸ்லாம் இப்பிள்ளையைக் கைவிட்டுவிட்டது என முடிவு கட்டுவோர் உண்டு. அரபுக் கல்லூரியில் வாரிசுரிமைப் பாடம் நடக்கும்போது மாணவர்கள் ஆண்டுதோறும் எழுப்பும் ஐயம் இது. பங்கு இல்லை என்பது பாதி உண்மை. பங்கின்மைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. அப்பிள்ளையின் சொந்தத் தந்தை விட்டுச்சென்ற சொத்தில் அதற்குரிய பங்கு முழுவதும் அப்பிள்ளைக்கே. தாயின் புதுக்கணவர் அதில் கைவைக்க முடியாது. அநாதைகளின் பொருளைத் தம் பொருளோடு கலந்து உண்பதைத் திருக்குர்ஆன் (4:2) பெரும்பாவமெனக் கண்டிப்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, அப்பிள்ளைக்குத் திருக்குர்ஆன் சூட்டிய பெயரை நோக்குவோம். மணக்கத் தகாத பெண்களைப் பட்டியலிடும் 4:23 வசனத்தில் மனைவியின் முன்மண மகளை 'ரபீபா' என்கிறான் இறைவன். வளர்க்கப்படுபவள் என்பது அதன் பொருள். ரப்பு என்னும் இறைத்திருநாமத்தை நினைவூட்டும் சொல். தமிழிலோ நாம் 'மாற்றாந்தாய்' என்று, மாற்று என்பதையே பெயரில் வைத்துவிட்டோம். போதாக்குறைக்கு, மைய அரசு நிதி தராதபோதெல்லாம் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று மேடைகளில் முழங்கி, எத்தனையோ நல்ல சிற்றன்னையரைப் பழித்தும் வருகிறோம். அரபுச் சொல் வளர்ப்பைப் பார்க்கிறது. தமிழ்ச் சொல் பிளவைப் பார்க்கிறது.

அவ்வசனம் ரபீபாக்களை உங்கள் 'ஹுஜூர்'களில் இருப்போர் என்றும் அடைகொடுத்துக் கூறுகிறது. ஹிஜ்ர் என்பதன் பன்மை அது; மடி, அரவணைப்பு, பாதுகாப்பு எனப் பொருள்படும். இவ்வடை நிபந்தனையா, அன்றிப் பொதுவழக்கைச் சுட்டியதா என்பது பற்றி முன்னோரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அது நிபந்தனையே, வேறிடத்தில் வளர்ந்த பெண்ணுக்கு இத்தடை இல்லை என்னும் கருத்து அலீ (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. ஸாஹிரீ அறிஞர் இப்னு ஹஸ்ம் அதனையே ஏற்றார். நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் அதனை நிபந்தனையாகக் கொள்ளவில்லை. தாயுடன் இல்லறம் நடந்துவிட்டால், மகள் மடியில் வளர்ந்தாலும் பாட்டி வீட்டில் வளர்ந்தாலும், அவருக்கு என்றென்றும் மகளைப் போன்றவளே. ஆகவே அவர் அவளுக்கு மஹ்ரம் ஆகிறார். ஒரே வீட்டில் வளர்வதில் தடையில்லை. நிபந்தனையன்று என முடிவாகிவிட்டால் பின் அச்சொல் எதற்கு? ரபீபின் இயல்பான இடம் வளர்ப்பவரின் மடியே என இறைவேதம் எண்ணுகிறது. பிள்ளையை விட்டுவிட்டு வா என்னும் நிபந்தனை அவ்வெண்ணத்திற்கு அயலானது என்பதே நம் துணிபு.

அண்ணலாரின் இல்லமே இதற்குச் சான்று. உஹுதில் பட்ட காயம் மீண்டும் புண்ணாகி ஹிஜ்ரீ 4இல் அபூ ஸலமா (ரலி) மறைந்தார். பிள்ளைகளோடு நின்ற உம்மு ஸலமா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) பெண்கேட்டபோது, அன்னையார் தயங்கிக் கூறிய காரணங்களுள் தமக்குப் பிள்ளைகள் உண்டு என்பதும் ஒன்று. அப்பிள்ளைகள் அல்லாஹ்வின் பொறுப்பிலும் அவன் தூதரின் பொறுப்பிலும் இருப்பார்கள் என்னும் கருத்தில் அண்ணலார் மறுமொழி தந்தார்கள். இம்மறுமொழியை வாழ்த்துரையாகப் படிப்பது நம் வழக்கம். அதனை மணப்பேச்சில் கொடுக்கப்பட்ட வாக்குறுதியாகவும் படிக்கலாம். அப்படித்தான் படிக்க வேண்டும் என்போம்.

அவ்வீட்டில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி). தட்டில் இங்குமங்கும் கையை ஓட்டிய அச்சிறுவருக்கு, இறைநாமம் கூறி, வலக்கையால், தனக்கு முன்னுள்ள பகுதியிலிருந்து உண்ணுமாறு அண்ணலார் கற்பித்ததை அவரே பிற்காலத்தில் அறிவித்தார். புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள அந்த அறிவிப்பைத் தொடங்கும்போது, நபியவர்களின் ஹிஜ்ரில் வளர்ந்த சிறுவனாயிருந்தேன் என்றே தொடங்குகிறார். திருவசனத்தின் அதே சொல். நம் மக்தபுகளில் ஒவ்வொரு குழந்தையும் முதலில் மனப்பாடம் செய்யும் உணவொழுக்கம், ஒரு மாற்றாந்தந்தை தம் ரபீபுக்கு ஒரே தட்டில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தது என்பதை எத்தனை உஸ்தாதுமார் எடுத்துச் சொல்கிறோம்? அவ்வுமர் பின்னாளில் அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைன் ஆளுநரானார். அவருடைய தங்கை ஸைனப் (ரலி) மதீனாவின் மார்க்கச் சட்டம் கற்ற பெண்மணிகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அண்ணலாரின் திருமேனி அழகை நுணுக்கமாக வருணித்த அறிவிப்பாளர் ஹிந்த் இப்னு அபீ ஹாலா (ரலி) அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முன்மண மகன் என்பதும் நினைக்கத்தக்கது. அவ்வளவு அருகிருந்து அண்ணலாரைப் பார்க்கும் பேறு அந்த ரபீபுக்கு வாய்த்தது.

ஸைனப் அவர்களின் பெயரில் ஒரு சட்ட நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. அவருக்கு முதலில் இடப்பட்ட பெயர் பர்ரா. அண்ணலார்தாம் அதனை ஸைனப் என மாற்றினார்கள். மகளின் பெயரை மாற்றினார்கள். தந்தையின் பெயரை மாற்றவில்லை. ஸைனப் பின்த் அபீ ஸலமா என்றே அவர் வாழ்ந்து மறைந்தார். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத தந்தைப் பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், இறந்துபோன அபூ ஸலமாவின் பெயரே அப்பிள்ளைகளோடு நின்றது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையரின் பெயரால் அழையுங்கள் என்னும் 33:5 வசனத்தின் ஆணை அது.

இதனை மீறுவதால் வரும் கேட்டைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. மறுமணம் புரிந்த தாய், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது புதுக்கணவரின் பெயரைத் தந்தை என எழுதிவிடுகிறாள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், பிள்ளை பிறர் கேள்விக்கு ஆளாகக் கூடாதே என்று. அப்பெயர் மாற்றுச் சான்றிதழுக்கு ஏறுகிறது, அங்கிருந்து ஆதாருக்கு, பதினைந்து ஆண்டுகள் கழித்து ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டிற்கும் வந்துவிடுகிறது. மணப்பந்தலில் 'இன்னாரின் மகள்' எனத் தவறான பெயர் ஒலிக்கிறது. ஹனஃபீ மத்ஹபின் 'துர்ருல் முக்தார்' நூலில் ஹஸ்கஃபீ (மறைவு ஹிஜ்ரீ 1088), மணமகள் அவையில் இல்லாத நிலையில் அவளுடைய வகீல் அவள் தந்தையின் பெயரைத் தவறாகக் கூறிவிட்டால் அந்த நிகாஹ் செல்லாது என்கிறார். அவள் முன்னிலையில் சுட்டிக்காட்டப்பட்டால் மட்டுமே பிழை பாதிக்காது. நம் நாட்டில் மணமகள் அவையில் அமர்வதில்லை என்பதை நினைத்தால் இவ்விதியின் கனம் விளங்கும்.

ஷாஃபிஈ மத்ஹபில் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. அங்கு வலீ இன்றி நிகாஹ் இல்லை. மாற்றாந்தந்தை வலீ அல்லர். தந்தையின் தந்தை, உடன்பிறந்த அண்ணன், தந்தையின் சகோதரர் என வரிசை செல்லும். பாராட்டிச் சீராட்டி வளர்த்தவரை ஒதுக்கி, பத்தாண்டுகளாக எட்டிப் பாராத பெரியத்தாவை வலீயாக உட்கார வைப்பதா என மனம் கசியலாம். வழியில்லாமல் இல்லை. உரிய வலீ மாற்றாந்தந்தையை வகீலாக நியமித்தால் அவரே ஈஜாப் சொல்லலாம். வளர்த்தவருக்கு மரியாதையும் சட்டத்திற்கு நிறைவும் கிட்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் நம் திருமணங்களும் அரசுப் பதிவுக்குச் செல்வதால், பெயர்ப்பிழை இப்போது இரு பதிவேடுகளிலும் நிலைபெற்றுவிடுகிறது.

பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமையாகிய ஹளானத்துக்கு வருவோம். மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணிடம், நீ மறுமணம் செய்யாதவரை இப்பிள்ளைக்கு நீயே உரியவள் என்னும் கருத்தில் அண்ணலார் தீர்ப்பளித்த செய்தி அபூ தாவூதில் உள்ளது. இதன் அடிப்படையில், பிள்ளைக்கு மஹ்ரமல்லாத அயலாரைத் தாய் மணந்தால் அவளது ஹளானத் நீங்கித் தாயின் தாய்க்குச் செல்லும் என ஹனஃபீ நூல்கள் கூறும். ஷாஃபிஈ நூல்களின் விதியும் ஏறத்தாழ இதுவே. 'ஹிதாயா' ஆசிரியர் மர்கீனானீ (மறைவு ஹிஜ்ரீ 593) இதற்குக் காரணமும் தருகிறார்: அயலாராகிய மாற்றாந்தந்தை பிள்ளைக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனமும் பார்ப்பதில் கடுமையும் காட்டக்கூடும் என்ற அச்சம். ஆக நம் ஊர்களில் பிள்ளை நன்னியின் வீட்டில் தங்கிவிடுவது முற்றிலும் ஆதாரமற்ற வழக்கமன்று.

ஆனால் காரணத்தோடு சொல்லப்பட்ட விதி, காரணம் இல்லாத இடத்தில் என்னாகும்? ஹனஃபீ மத்ஹபின் பிற்கால ஆணிவேராகிய திமிஷ்க்கின் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) இவ்விடத்தில் நின்று யோசிக்கிறார். பிள்ளையின் இரத்த உறவினனே சிலபோது அதன் சொத்துக்காக அதன் சாவை விரும்புபவனாக இருக்கலாம்; தாயின் கணவனோ பரிவுடையவனாக இருக்கலாம்; ஆகவே முஃப்தீ கண்திறந்து, பிள்ளைக்கு எது நலமோ அதனை நாட வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலம் பற்றிப் பேசுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னர் ஒரு மத்ரஸா அறிஞர் எழுதியது இது. ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை வளர்க்க அலீ, ஜஅஃபர், ஸைத் ஆகிய மூவரும் போட்டியிட்டபோது, அச்சிறுமியின் தாயின் சகோதரி ஜஅஃபரின் மனைவியாக இருந்ததால் அவ்வீட்டிற்கே அண்ணலார் அனுப்பினார்கள். பெரியம்மாவின் கணவர் அச்சிறுமிக்கு நிரந்தர மஹ்ரம் அல்லர்; ஆயினும் அங்கு அவளுக்கு ஒரு தாய்மடி இருந்தது. அந்தப் பெரியம்மாவாகிய அஸ்மா பின்த் உமைஸ் (ரலி), ஜஅஃபர் முஅத்தாவில் ஷஹீதான பின் அபூபக்ரையும், அவருக்குப் பின் அலீயையும் மணந்தார். அபூபக்ரின் மகன் முஹம்மத் அலீயின் ரபீபாக வளர்ந்து அவராலேயே மிஸ்ருக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். ஸஹாபாக்களின் காலத்தில் மறுமணம் ஒருபோதும் சிறிய திருமணமாக எண்ணப்பட்டதில்லை.

கடமை இல்லாத இடத்தில் கடமையை உண்டாக்க முடியுமா என்னும் வினா எஞ்சுகிறது. மாலிகீ மத்ஹபார் இதற்கு நேரான வழி கண்டனர். மக்காவில் வாழ்ந்த அல்ஹத்தாப் (மறைவு ஹிஜ்ரீ 954) 'இல்திஸாம்', அதாவது ஒருவர் தாமே தம்மீது சுமத்திக்கொள்ளும் கடப்பாடு பற்றித் தனி நூலே இயற்றினார். மனைவியின் பிள்ளைக்குச் செலவு செய்வேன் என நிகாஹுக்குப் பின் கணவர் ஏற்றுக்கொண்டால் அது அவரைக் கட்டுப்படுத்தும் என்பது அதில் ஆராயப்படும் செய்திகளுள் ஒன்று. மஃக்ரிபின் காழீகள் முன் இது ஏட்டுச் சட்டமாக நில்லாமல் பத்திரங்களாக எழுதப்பட்டு வந்தது. ஹனஃபீ மத்ஹபில் வெறும் வாக்குறுதி அறக்கடமையே. நீதிமன்றக் கடமை ஆகாது. எனினும் நிபந்தனையோடு பிணைத்துக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி, நிபந்தனை நிறைவேறியதும் கட்டாயமாகும் என உதுமானியரின் மஜல்லா 84ஆம் விதியாக ஏற்றது. "இந்நிகாஹ் நிகழ்ந்தால் இப்பிள்ளையின் உணவு, உடை, கல்விச் செலவு என்னைச் சார்ந்தது" என்பது அவ்வகை வாக்கு. நம் ஜமாஅத்துகளில் மஹர் தொகையைக் கிராம் கணக்கில் எழுதுகிறோம். இந்த ஒருவரியை எழுதுவதில்லை. மலைமேல் ஊர்க்கவுண்டர் சிறிய திருமணத்திற்கும் இசைவு கேட்டு வருவோரை எதிர்பார்த்து அமர்ந்திருந்தார். முத்தவல்லிகள் அவ்வளவாவது கேட்கலாம்.

இதனால் சொந்தத் தந்தை தப்பித்துக்கொள்ளலாகாது. அவர் உயிரோடிருந்தால், முன்னாள் மனைவி மறுமணம் செய்தாலும் செய்யாவிட்டாலும், பிள்ளையின் செலவு அவருடையதே. மணவிலக்குப் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி இரண்டாண்டுகளோடு கைகழுவ முயன்ற வாதத்தை 1997இல் நூர் ஸபா காத்தூன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஃபிக்ஹு நூல்கள் என்றும் சொல்லி வந்ததும் அதுவே.

மாற்றாந்தாயைப் பற்றியும் ஒருசொல். தந்தை வறியவராகி, அவருக்கு மனைவியின் துணை தேவைப்படும்போது, அம்மனைவி தன் தாயல்லள் ஆயினும் அவளுடைய செலவையும் மகனே ஏற்க வேண்டுமென ஷாஃபிஈ நூல்கள் விதிக்கின்றன. இந்தியச் சட்டம் இங்குத் தட்டுத்தடுமாறியே வந்தது. 1996இல் கீர்த்திகாந்த் வடோதரியா வழக்கில், 125ஆம் பிரிவின் தாய் என்னும் சொல்லில் மாற்றாந்தாய் அடங்கார் என்றும், பிள்ளையற்ற கைம்பெண்ணாக இருந்தாலோ கணவர் காக்க இயலாதவராக இருந்தாலோ மட்டும் கேட்கலாம் என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டமோ பெற்றோர் என்பதற்குள் மாற்றாந்தாய் தந்தையரையும் வெளிப்படையாகச் சேர்த்தது. மறுதலையாக, பிள்ளைகள் என்னும் வரையறையில் மாற்றுப் பிள்ளைகளின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

தத்தெடுப்பு ஒருவழி எனச் சிலர் கருதுகின்றனர். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் ஒழுங்குமுறைகளும் மாற்றுப் பெற்றோர் தத்தெடுக்க இடமளிக்கின்றன. தந்தைப் பெயரை மாற்றும் எதுவும் 33:5 முன் நில்லாது என்பதால் நமக்கு அது தேவையில்லை. தேவையானவை நம்மிடமே உள்ளன. பங்காளியல்லாத ரபீபுக்கு மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் செய்ய முழு உரிமை உண்டு. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்னும் தடை அவனைத் தொடாது. அவன் வாரிசில்லை என்பதே இங்கு அவனுக்குத் துணையாகிறது. சொத்துப் பிரிக்கும் அவையில் அநாதைகள் வந்து நின்றால் அவர்களுக்கும் ஏதேனும் கொடுக்குமாறு 4:8 வசனம் ஏவுவதையும் பாகம் பிரிக்க அமர்வோர் மறக்கலாகாது. அவ்வீட்டிலேயே வளர்ந்த அநாதையைக் காட்டிலும் அச்சொல்லுக்கு நெருங்கியவர் எவர்?

வாழ்நாளிலேயே ஹிபா செய்வது இன்னும் உறுதியானது. ஹிபா நிறைவேற, பெறுபவர் கைப்பற்ற வேண்டும். சிறுபிள்ளைக்காக அதன் காப்பாளர் கைப்பற்ற வேண்டும். தந்தையும் அவர் நியமித்த வஸீயும் இல்லாத பிள்ளைக்கு யார் கைப்பற்றுவது? அயலாரேயாயினும் அப்பிள்ளை எவருடைய ஹிஜ்ரில் வளர்கிறதோ அவர் கைப்பற்றினால் செல்லும் என்கிறது ஹிதாயா. 4:23இன் அதே சொல் சொத்துரிமை அத்தியாயத்திலும் வந்து நிற்கிறது. துர்ருல் முக்தார் இன்னும் ஒருபடி முன்சென்று, அநாதைப் பிள்ளையைத் தம் செலவில் வைத்துக் காப்பவர் தாமே அதற்குக் கொடுக்கும் ஹிபா, கொடுத்தேன் என்னும் சொல்லளவிலேயே நிறைவேறிவிடும் என்கிறது. பிள்ளையின் கையாக அவருடைய கையே அமைந்துவிடுகிறது.